பத்துப் பேரு ரூம்ல கருட சேவைக் கூட்டம்

ஜெயில் காவல்னா பூட்டறதும் தொறக்கறதும்னு நெனைச்சுக்காதீங்கமா. பாதி வேலை, வந்தவங்கள எங்க படுக்க வைக்கறதுன்னு முழிக்கறதுதான். கல்யாண வீட்ல ஒரே பாயில நாலு பேரு படுத்து எழுந்தவங்களுக்கு இது புரியும். எங்கூட்டுக்காரரு காஞ்சிபுரம் சப்-ஜெயில்ல வார்டரு. ரிமாண்டுல பொம்பளைங்க வந்தா மட்டும் என்னைக் காவலுக்குக் கூப்புடுவாங்க. அரிசிக்குக் க்யூ நின்ன காலம் அது.

பாயோட வந்தவரு

வைகாசி கருட சேவை வருதுன்னா, பழைய ஜேப்படிக்காரங்களை போலீசு முன்னாடியே புடிச்சு உள்ள போட்டுடும். திருவிழா முடிஞ்சாதான் வெளிய வரலாம். பத்துப் பேருக்குக் கட்டுன ரூம்ல முப்பது பேரு. வருசா வருசம் கும்பல் ஏறிக்கினே போச்சு, செவுரு மட்டும் நவுரல.

அதுல ஏகாம்பரம்னு ஒரு கெழவரு. கை நடுங்கும், சொந்த ஜோபிலயே கை வுட முடியாது. அவரை யாரும் புடிக்கப் போவ வேணாம், பாயும் தட்டும் எடுத்துக்கினு தானே வந்துடுவாரு. பாய்னதும் ஞாபகம் வருது, எங்க நாத்தனாரு வர்றப்ப ஒரு தலவாணியோட வருவா, போறப்ப ரெண்டு இருக்கும், அது கெடக்கட்டும். ஏன்யா இவ்ளோ அவசரம்னு எங்கூட்டுக்காரரு கேட்டதுக்கு அவரு சொன்னாரு: "லேட்டா வந்தா கக்கூஸ் பக்கம்தான் எடம் கெடைக்குது சாமி."

பொம்பளை ரூம்

அந்த வருசம் கன்னியம்மான்னு ஐயம்பேட்டைப் பொண்ணு ரிமாண்டுல இருந்தா. முதலாளி வூட்டு ஜரிகை காணோம்னு அவ மேல கேஸு. கைக்குழந்தைக்காரி. உள்ள பாதி பேருக்குச் சொறி, அதனால மாமியாக்காரி புள்ளைய தன்கிட்டயே வச்சிக்கினா. காலைலயும் சாயங்காலமும் தூக்கியாந்து பால் குடிக்க வச்சிட்டுப் போவா.

சாயங்காலம் அது பால் குடிக்கறப்ப ஜெயிலே அசந்துடும். எங்கயோ வேப்பம்பூ வாசனை, பக்கத்துத் தெருவுல தறிச் சத்தம். ஆம்பளை ரூம்ல பாதி பேரு தூங்குவாங்க, மீதி பேரு தன் மொறை வர்ற வரைக்கும் செவுத்துல சாஞ்சு கண்ணு சொருகுவாங்க. அத்தினி மூச்சும் ஒண்ணா ஏறி எறங்கும். கட்டடமே தெப்பம் மாதிரி மெதந்துக்கினு போறாப்ல இருக்கும் எனக்கு.

அப்பதான் அதிகாரி வந்து, நாளைக்கு இன்னும் ஆளுங்க வர்றாங்க, இந்த ரூமும் வேணும், இவளை வேலூர் ஜெயிலுக்கு அனுப்பிடறோம்னாரு. வேலூர்னா புள்ளைக்குப் பால் ஏது? கன்னியம்மா அழுவல. புள்ள வாயத் தொடச்சிக்கினே கேட்டா: "நான் திரும்பி வர்றதுக்குள்ள என் வாசனை இதுக்கு மறந்துடுமாக்கா?"

ஒருக்களிச்சுப் படுத்தவங்க

நடுவுல ஒத்தைச் செவுருதான், ஆம்பளைங்க காதுல விழாம இருக்குமா. மறுநாள் லாரியில ஆளுங்க வந்து எறங்குனாங்க. அதிகாரி பொம்பளை ரூம் சாவிய என்கிட்ட வாங்கிக்கினாரு. கன்னியம்மா புடவைய மூட்டை கட்டி மடியில வச்சிக்கினு உக்காந்திருந்தா.

அடிதடி கேசுல தேவராஜுன்னு ஒரு தறிக்காரரு உள்ள இருந்தாரு. எல்லாரையும் எழுப்பி, பாவு நூல ஒண்ணொண்ணா ஒதுக்கறாப்ல, ஒருத்தன் தலைக்கிட்ட அடுத்தவன் காலு வர்ற மாதிரி ஒருக்களிச்சுப் படுக்க வச்சாரு. ஒருத்தன் பொரண்டா மொத்தப் பேரும் பொரளணும். பாத்துக்கினே இருக்கேன், அந்தப் பக்கத்துலேந்து இந்தப் பக்கம் வரைக்கும் ஏரித்தண்ணி அலை மாதிரி பொரண்டாங்க. ஓரத்துல தரை தெரிஞ்சுது. புதுசா வந்தவங்க அதுல அடங்கிட்டாங்க.

அதிகாரி கம்பியப் புடிச்சிக்கினு உள்ள எட்டிப் பாத்தாரு. இப்டிப் படுத்தா எப்டிய்யா மூச்சு வுடுவீங்கன்னாரு. தேவராஜு படுத்துக்கினே சொன்னாரு: "மொறை வச்சு வுட்டுக்கறோம் சார், அந்தப் பொண்ண மட்டும் வேலூருக்கு அனுப்பாதீங்க."

சாவி என் கைக்குத் திரும்பி வந்துது, அந்த வாரமே அவளுக்கு ஜாமீனும் கெடைச்சுது. என் சர்வீஸ்ல நான் கண்டது இவ்ளோதான், சர்க்காரு ஜெயிலைப் பெருசா கட்டற வரைக்கும் ஜனங்கதான் சின்னதா படுத்துக்கினு இருக்கணும்.