எல்லை தாண்டியதும் வரும் முதல் ஊர்

மகளுக்கு ஊட்ரெக்ட்டில் வேலை கிடைத்த கிழமை எங்கள் குசினி மேசையில் சாப்பிட இடமில்லாமல் போயிற்று. மடிக்கணினி, அச்சடித்து எடுத்த ஹொலண்ட் ரயில் வரைபடம், நாலு நிறத்தில் பேனைகள். நான் சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வட்டம் போடுவதைப் பார்த்திருப்பேன். ஊட்ரெக்ட்டுக்குள் வீடு எடுப்பது நடக்கிற காரியம் இல்லை என்று அவளுக்கு முதலே தெரிந்துவிட்டது. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

"அம்மா, அங்கை எல்லா ஊரும் ஒண்டோடை ஒண்டு கொழுவித்தான் கிடக்கு. பத்து நிமிசத்துக்கு ஒரு ரயில். எங்கை இருந்தும் வேலைக்குப் போகலாம்."

"எங்கை இருந்தாலும் ஒண்டெண்டால் பிறகென்னத்துக்கு இந்தக் கோடும் வட்டமும்?"

"அதுதானம்மா கஷ்டம். ஒரு ஊர்தான் எண்டால் போயிடலாம்."

ரொட்டர்டாம், டென் ஹாக், லைடன் எல்லாம் வரைபடத்தின் இடப்பக்கம் கடலோடு ஒட்டிக் கிடந்தன. என் கண் போனது வலப்பக்க ஓரத்துக்கு. ஆர்ன்ஹெம். ஜேர்மன் எல்லை தாண்டியதும் வருகிற முதல் பெரிய ஊர். எங்கள் கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஓபர்ஹவுசனில் ஒருமுறை மாறி ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய் இறங்கலாம். கடற்கரைப் பக்கத்து ஊர்களுக்கு அதற்குமேல் இன்னும் ஒன்றரை மணித்தியாலம் வேண்டும்.

அவள் அப்பா தவறி நாலு வருடம். பிள்ளையும் ஒன்றே ஒன்று. அவள் ஆர்ன்ஹெமில் இருந்தால், ஒரு காய்ச்சல் என்றால் ரசத்தை ஆற முதல் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று மனம் கணக்குப் போட்டது. வாயால் சொல்லவில்லை. பிள்ளையின் காலில் தொங்குகிற தாய் என்று பெயர் எடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் ஆர்ன்ஹெமைப் புகழாமல் மற்ற ஊர்களில் பிழை பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

டோர்ட்மண்டில் ஒரு அக்கா இருக்கிறா. உடன்பிறப்பு இல்லை, ஆனால் இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே அக்கா அவதான். நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் கதைக்காவிட்டால் இரண்டு பேருக்கும் தலை இடிக்கும். மகளின் வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன்.

"உன்ரை பெட்டை புடவைக் கடைக்குள்ளை நிக்கிறாளடி," என்றா அக்கா. "இது வேணும், அது வேணாம் எண்டு விரிச்சுப் பாக்கிறாள். நாங்கள் தந்ததை உடுத்த ஆக்கள்."

அக்காவின் வாயிலிருந்து இப்படித்தான் ஏதாவது வந்து விழும். எனக்கு அதை நாலு நாளுக்கு வைத்து மெல்ல வேண்டும்.

உண்மைதான். அகதியாய் வந்த எங்களுக்கு ஊரை ஓர் அதிகாரி தாளில் எழுதித் தந்தார். அந்தப் பெயரை வாசிக்கத் தெரியாமல், ரயில் நிலையத்தில் ஆட்களுக்குத் தாளைத் தூக்கிக் காட்டிக் காட்டித்தான் நானும் இவளின் அப்பாவும் கெல்சென்கிர்ச்சனுக்கு வந்து சேர்ந்தோம். வந்த பிறகும் முதல் சில வருடங்கள் அனுமதித் துண்டு இல்லாமல் ஊரின் எல்லையைத் தாண்டக் கூடாது. டோர்ட்மண்டில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. ரயிலில் அரை மணித்தியாலம். பிள்ளையின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போகத் துண்டு கேட்டு எழுதினேன். துண்டு வந்து நான் போய்ச் சேர்ந்தபோது நான் வாங்கி வைத்த சட்டை பிள்ளைக்குச் சின்னதாகிப் போயிருந்தது. அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பா. எனக்கு முழுதாகச் சிரிப்பு வருவதில்லை.

மகளை அங்கே எக்ஸ்பாட் என்கிறார்களாம். வேலைக்காக வேறு நாட்டில் போய் இருக்கிற ஆள் என்று விளக்கம் சொன்னாள்.

"அப்ப நானும் கொப்பரும் ஆர்?"

"நீங்கள் வந்தனீங்கள் அம்மா. நான் போறன்."

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனோம். என்னைக் கூப்பிட்டது அவள்தான். லைடனில் படிகள் ஏணிபோலச் செங்குத்தாக நின்றன. நான் இரண்டு கையாலும் பிடித்து ஏறி, இறங்கும்போது பின்பக்கமாக இறங்கினேன். "இதிலை அரிசி மூட்டை எப்பிடி ஏத்துறது?" என்றேன். டென் ஹாக்கில் யன்னலுக்குத் திரையே இல்லை, தெருவில் போகிறவன் நாங்கள் எத்தனை இடியப்பம் சாப்பிடுகிறோம் என்று எண்ணலாம் என்றேன். ரொட்டர்டாமில் ஒன்பதாம் மாடி. கண்ணாடிக்கு வெளியே காற்று ஊளையிட்டது. கீழே ஆறும் கப்பல்களும். மகள் அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"உந்தக் காத்துக்கு உடுப்புக் காயப்போட்டால் லண்டனிலைதான் போய் எடுக்க வேணும்," என்றேன்.

"அம்மா, நீங்களே இருக்கப் போறியள்?"

கடைசியாகத்தான் ஆர்ன்ஹெம். நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. சிவப்புக் கல் வீடு, கீழே சொந்தக்காரி, மேல்மாடி வாடகைக்கு. எண்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. நிமிர்ந்த நடை, வெட்டிய வெள்ளை முடி, வாயில் நல்ல ஜேர்மன். எங்கும் பூச்சாடிகள். ஒரு கிழட்டுப் பூனை வந்து என் மகளின் சப்பாத்தின்மேல் படுத்துக்கொண்டது. மேலே இரண்டு அறை, வெயில் விழுகிற குசினி, ஏறக்கூடிய படி. நான் பிழை பிடிக்க வாயைத் திறக்கவே இல்லை. மகள் என்னைத் திரும்பிப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

கீழே அந்த அம்மா கோப்பி தந்தா. தகரப் பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடிவிட்டா. மகன் நியூசிலாந்தில் என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டினா. பிறகு மேற்கூரையைப் பார்த்தபடி சொன்னா: "முன்பு இருந்தவர் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே ஒரு காலடிச் சத்தமும் இல்லை."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாத பெண் பிள்ளைக்கு வீடு கேட்டுப் போனால், பெற்றவர்கள் பிள்ளைக்காகக் கதைக்க வேண்டும். எந்த வீட்டுப் பிள்ளை, எப்படி வளர்ந்தது, கூட்டாளிகளைக் கூட்டி வந்து கூத்தடிக்காது, விடுமுறைக்குத் தாய் வீட்டில்தான் நிற்கும். சொந்தக்காரருக்கு மனம் ஆறினால்தான் சாவி கைக்கு வரும். போதாததற்கு முப்பது வருடம் ஜேர்மனியில் மாடிக் குடியிருப்பில் இருந்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை கதிரையை இழுத்தாலே கீழ் வீட்டுக்காரர் தடியால் கூரையில் தட்டுவார். ஒருவர் ஞாயிற்றுக்கிழமையையும் காலடிச் சத்தத்தையும் சேர்த்துச் சொன்னால் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

"நீங்கள் பயப்பட வேண்டாம்," என்று என்னால் முடிந்த நல்ல ஜேர்மனில் சொன்னேன். "என் மகள் ஒழுங்கான பிள்ளை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலை முடிந்த கையோடு என்னிடம் வந்துவிடுவாள். சனி, ஞாயிறு இங்கே நிற்க மாட்டாள். திங்கட்கிழமை நேரே வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் ஆள் இருப்பதே தெரியாது."

அந்த அம்மா கோப்பியைக் கீழே வைத்தா. "ஒவ்வொரு வெள்ளிக்கிழமையுமா?"

"ஒவ்வொரு வெள்ளியும்," என்றேன். "நான் வாக்குத் தருகிறேன்."

மகள் பூனையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டாள். அவளுக்கு விளங்கியிருக்கிறது. எனக்கு விளங்கவில்லை. வாசலில் அந்த அம்மா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினா. காரியம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ரயில் எல்லையைத் தாண்டியது. மகள் யன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, ஒவ்வொரு வெள்ளியும் வருவன் எண்டு நான் எப்ப சொன்னனான்?"

"ஏன், வரமாட்டியே?"

"நான் அதைக் கேக்கேல்லை."

நாலாம் நாள் பதில் வந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் மேசையில் இருந்து வாசித்துக் காட்டினாள். உங்களையும் உங்கள் தாயாரையும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் சனி ஞாயிறும் இந்த வீட்டில் வாழ்கிற ஒருவரைத்தான் நான் தேடுகிறேன், வார இறுதிகள்தான் எனக்கு நீளமானவை என்று எழுதியிருந்தா. மன்னிப்பும் கேட்டிருந்தா.

"நான் நல்லதுக்குத்தானே பிள்ளை சொன்னனான். சத்தம் இருக்கக் கூடாதெண்டு அவ..."

"அவ சத்தம் வேணுமெண்டு சொன்னவ அம்மா."

கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. எழுந்து வந்து வெட்டிய வெங்காயத்தைப் பலகையிலிருந்து சட்டிக்குள் வழித்துப் போட்டாள்.

"பரவாயில்லை. ரொட்டர்டாமை எடுக்கிறன்."

"உனக்கு அதுதானே விருப்பம். அண்டைக்குக் கண்ணாடியோடை ஒட்டிக்கொண்டு நிண்டனி."

"விருப்பம்தான். ஆனால் ஆர்ன்ஹெமைத்தான் எடுப்பம் எண்டு யோசிச்சிருந்தனான்."

"ஏன்?"

"கிட்ட எண்டுதான். உங்களுக்கு."

வெங்காயம் வெட்டுகிற நேரமாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ரொட்டர்டாம் வீட்டில் நான்தான் பால் காய்ச்சினேன். மின் அடுப்பு, பொங்கி வழியப் பார்த்தால் தானே நின்றுவிடுகிற சாதி. பால் விளிம்புவரை வந்து, வழிய முதல் அடுப்பு நின்றுவிட்டது. மகள் சிரித்துப் படம் எடுத்து டோர்ட்மண்ட் அக்காவுக்கு அனுப்பினாள். "இந்தக் காலத்துப் பாலுக்கும் கட்டுப்பாடு," என்று அக்கா பதில் போட்டா.

முதல் மாதம் வெள்ளிதோறும் வந்தாள். நான் கொடுத்த வாக்கை அவள் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள் போல. ரயில் பிந்தி, எல்லைப் பக்கம் பாதை திருத்தம் என்று பேருந்தில் ஏற்றி, வந்து சேரும்போது முகம் வாடியிருக்கும். சாப்பிட்டுவிட்டு அப்படியே கதிரையில் நித்திரையாவாள். "ஏலாட்டி வராதை பிள்ளை," என்று ஒருநாள் நான்தான் சொன்னேன். சொல்லும்போது, "இல்லையம்மா வருவன்" என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன். "ஓம் அம்மா," என்றாள்.

பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பிறகு மாதத்துக்கு ஒருமுறை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வெள்ளி மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். கால் பழக்கத்தில் தமிழ்க் கடைக்குப் போகும். முருங்கைக்காய் வாங்கி வந்து சமைத்து, பெட்டிகளில் போட்டு உறைய வைப்பேன். பெட்டி வைக்க இடமில்லாமல் போனபோது, கார்த்திகை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, நாலு பெட்டிகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு நானே ரொட்டர்டாமுக்கு வெளிக்கிட்டேன்.

ஆர்ன்ஹெமில் ரயில் மாற வேண்டும். அடுத்த ரயிலுக்குக் கால் மணித்தியாலம் இருந்தது. நான் ஏறவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து அந்தப் பத்து நிமிடத்தையும் நடந்தேன். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சிவப்புக் கல் வீட்டில் இரண்டு மாடியிலும் வெளிச்சம். அந்த நாட்டில் யன்னலுக்குத் திரை போடுவதில்லை என்று நான்தானே பகிடி பண்ணினேன். மேலே ஒரு பெண், என் மகள் வயதுதான் இருக்கும், தொலைபேசியில் கதைத்தபடி அறைக்குள் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள். கீழே அந்த அம்மா மேசையில் கோப்பியோடு, மடியில் பூனையோடு. ஏதும் செய்யவில்லை. கொஞ்சம் தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சும்மா இருந்தா.

அவ என்ன கேட்டுக்கொண்டிருக்கிறா என்று எனக்குத் தெரியும். என் குசினியில் நானும் சில வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் இருக்கிறேன், கதவுப் பக்கம் காதை வைத்துக்கொண்டு. அன்றைக்கு அந்த மேசையில் அவ ஒரு பிள்ளையைக் கேட்டிருக்கிறா. அதே பிள்ளையை, அதே மேசையில் வைத்து, நான் எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன். கடைசியில் அவவுக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள்.

ஒன்றரை மணித்தியாலமாக அங்கேயே நின்றிருக்கிறேன் போல, தொலைபேசி அடித்தது.

"அம்மா, எங்கை நிக்கிறியள்? ரயில் வந்திட்டுது, உங்களைக் காணேல்லை."

"ஆர்ன்ஹெமிலை. ரயிலைத் தவற விட்டிட்டன்."

அந்தப் பக்கம் ரொட்டர்டாம் நிலையத்து அறிவிப்பு கேட்டது. பிறகு மெல்லக் கேட்டாள்:

"அவவின்ரை வீட்டு பெல் அடிச்சனீங்களோ?"

"இல்லை."

"அடிச்சிருக்கலாமே அம்மா."

"என்னத்தைச் சொல்லி அடிக்கிறது பிள்ளை?"

"சரி, அடுத்த ரயிலிலை வாங்கோ. நான் இதிலையே நிக்கிறன்," என்றாள்.

பெட்டிகளில் ஈரம் கசிந்து துவாய் நனையத் தொடங்கியிருந்தது. நான் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு நிலையத்தை நோக்கி நடந்தேன்.