நாற்காலி போக மிச்சம் தக்காளிக்கு

இயந்திரத் தொழிற்சாலை ஒன்றின் ஸ்டோர் ரூமைக் கட்டி ஆண்டவர் அவர். அங்கே அவருக்கு 'இருக்கட்டும்' என்று பட்டப்பெயர். பத்து பல்பு வேண்டும் என்று கேட்டால் முப்பது வரவழைப்பார். ஏன் என்றால் "இருக்கட்டும்" என்பார். இயந்திரத்தையே உடைத்துக் காயலான் கடைக்குப் போட்ட பிறகும் அதன் உதிரிபாகங்கள் அவரிடம் எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிச் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒருமுறை, ஒரே ஒருமுறை, எங்கும் கிடைக்காத ஒரு ரப்பர் வாஷர் அவர் டப்பாவில் அகப்பட்டுவிட்டது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்துவிட்டது. மேனேஜர் தோளில் தட்டினார். அந்த ஒரு தட்டிலேயே மனிதர் மிச்ச உத்தியோகத்தை ஓட்டினார். ஓய்வுபெற்ற பிறகும் தட்டு வாங்கிய தோள் மற்றதைவிடச் சற்று உயர்ந்தே இருந்தது.

மனைவி டெலிபோன் ஆபரேட்டர். ஜன்னல் இல்லாத அறையில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சை ஊராருக்கு இணைத்துக் கொடுத்தே தலை நரைத்தவள். நகை கேட்கவில்லை, யாத்திரை கேட்கவில்லை. அவள் ஆசைப்பட்டதெல்லாம் பால்கனியில் ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, காலை வெயிலில் தெருவைப் பார்த்து உட்காருவது. அந்த மூன்றாம் மாடி வீட்டில் வெயில் எட்டிப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான். ஓய்வுபெற்றாள், நாற்காலி போட்டாள், உட்கார்ந்தாள். ஒரு வருஷம் சொர்க்கம். அப்புறம் அவரும் ஓய்வுபெற்றார்.

ஓய்வுபெற்ற ஆண்பிள்ளையின் கைக்கு வேலை கொடுக்காவிட்டால் அது சமையலறை டப்பாக்களை இடம் மாற்றிவைக்கும். உப்பு இருந்த இடத்தில் சோடா மாவைக் கண்ட அன்று, "ஏதாவது செடி கிடி வைங்களேன்" என்று சொன்னவள் அவளேதான். வினையை விலை கொடுத்து வாங்குவது என்றால் இதுதான்.

தக்காளி என்று முடிவு செய்தார். தக்காளி சாப்பிட்டால் அவருக்கு நெஞ்செரியும். அது வேறு விஷயம். எத்தனை செடி என்பதுதான் கேள்வி. மகளுக்குப் போன் போட்டார்.

"ரெண்டு பேருக்கு நாலு செடி தாராளம்ப்பா. பெரிய தொட்டியா பாத்து, ஒரு தொட்டிக்கு ஒண்ணு வைங்க," என்றாள் அவள். மகள் பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவளுக்கு நடுவதைப் பற்றி என்ன தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

நாலு. சரி. ஒன்று முளைக்காமல் போனால்? ஐந்து. காக்கா கொத்தினால்? ஆறு. பூச்சி விழுந்தால், புயல் அடித்தால், திடீரென்று விருந்தாளி வந்து நின்றால்? அந்த வீட்டுக்குக் கடைசியாக வந்த விருந்தாளி கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். அவரும் தண்ணீர் மட்டும் குடித்தார். ஆபத்துக்கு ஒரு செடி என்று கூட்டிக்கொண்டே போய், மனத்துக்குள் எல்லாச் செடிகளையும் ஒருமுறை சாகடித்து முடித்தபோது, பாக்கெட்டில் விதை மிச்சமில்லை.

பாழாய்ப்போன விதை ஒன்று விடாமல் முளைத்தது. காக்கா எட்டிப் பார்க்கவில்லை. புயல் வேறு திசைக்குப் போய்விட்டது. முப்பத்தொரு நாற்றுகள் தலையை நீட்டிக்கொண்டு நின்றன.

"வலுவா இருக்கறத வச்சுக்கிட்டு நோஞ்சானக் கிள்ளிப் போட்டுடுங்கப்பா."

"நீகூட சின்ன வயசுல நோஞ்சான்தான். கிள்ளியா போட்டோம்?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

பெயிண்ட் டின், ஓட்டை பக்கெட், மூடி தொலைந்த குக்கர், எந்தக் காலத்திலோ ஓட்டிய ஸ்கூட்டரின் ஹெல்மெட் என்று குழிவாக இருந்ததெல்லாம் தொட்டியாயிற்று. அப்படியும் பற்றாமல் ஒரு டின்னுக்கு இரண்டு, மூன்று என்று நட்டார். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது மனிதனுக்கு மட்டும் உள்ள குணமல்ல. நாற்காலி முதலில் ஒரு சாண் நகர்ந்தது. பிறகு சுவரோடு ஒட்டியது. பிறகு பாதி வாசற்படிக்குள் வந்தது.

"என்னங்க, என் காலுக்கு மட்டுந்தான் வெயில் வருது."

"கால்லதானே உனக்கு வலி."

அடுத்த வாரம் நாற்காலி முழுசாக ஹாலுக்குள் வந்துவிட்டது.

"இப்பக் காலுக்கும் வரல."

"கொஞ்சம் பொறு. காய்க்க ஆரம்பிச்சா நீயே சந்தோஷப்படுவ."

"நான் தக்காளியா கேட்டேன்? உக்கார எடம் கேட்டேன்."

அவர் காது கேளாதவர்போல டின்களுக்கு நடுவே ஒரு காலை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். செடிகளோ, வெயிலுக்காக ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு, கம்பியில் ஏறி, துணிக்கொடியில் ஏறி, ஹாலையே இருட்டாக்கின. எல்லாம் இலை. காய் என்று வந்தவை கோலிக்குண்டு அளவில் நாலைந்து. குற்றம் மண்ணின் மேல் என்றார், காற்றின் மேல் என்றார், ஒருநாள் மனைவியின் பெருமூச்சின் மேல் என்றார். எண்ணிக்கையின் மேல் மட்டும் பழி போடவில்லை.

கீழ்த்தளத்தில் தையல்கடை. கடைக்காரர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "சார், நீங்க மேல ஊத்தற தண்ணில என் போர்டு தெனமும் ரெண்டு வேளை குளிக்குது. நானே ஒருவேளைதான்."

ஒருநாள் காலை ஹாலில் நாற்காலியைக் காணோம். மனைவியையும் காணோம். பால்கனிக் கம்பியைப் பிடித்து, இலைகளை விலக்கி எட்டிப் பார்த்தார். தையல்கடை வாசலில், கொட்டும் வெயிலில், பிரம்பு நாற்காலியில் அவள். மடியில் யாருடைய சட்டையோ. கையில் ஊசி. கடைக்காரர் ஏதோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

மகள் போன் செய்தாள். "அம்மா எங்கப்பா?"

"கீழ."

"கீழன்னா?"

"தையல்கடைல. பட்டன் தைக்கறா."

"எதுக்கு?"

"வெயிலுக்கு."

இதைக்கூட அவர் சகித்துக்கொண்டிருப்பார். பெண்டாட்டி பக்கத்தில் இல்லாத குறை அவரை வாட்டியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாடிப்படியில் இரண்டாம் மாடிக்காரர், "என்ன சார், பென்ஷன் பத்தலையா, வீட்டுல வேலைக்கு அனுப்பிட்டீங்க," என்று கேட்டார். மேனேஜர் தட்டிய தோள் அப்படியே இறங்கிவிட்டது. நேராகத் தையல்கடைக்குப் போனார்.

"ரெண்டு செடி எடுத்துடறேன். மேல வா."

ஊசி நிற்கவில்லை.

"நாலு."

நூலைப் பல்லால் கடித்தாள்.

"ஆறு. அதுக்கு மேல கேக்காத."

"நான் எங்க கேட்டேன்? நீங்களாத்தான் ஏலம் விட்டுக்கிட்டு இருக்கீங்க."

"அக்கா, அவசரப்படாதீங்க, இன்னும் ஏறும்," என்றார் கடைக்காரர், கத்தரியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"எத்தனைதான் எடுக்கணும்னு சொல்லித் தொலையேன்."

"நாற்காலியத் தூக்கிட்டு மேல வாங்க. காட்டறேன்."

மூன்று மாடி. நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஏறினார். அவள் டின்களைக் காலால் ஒதுக்கி, பால்கனி நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் நீட்டி, இப்படியும் அப்படியுமாக ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என் கை பட்டதெல்லாம் போகணும். படாதது உங்களுது."

தன் மனைவிக்கு இத்தனை நீளமான கை என்று கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருக்குத் தெரியாது. பத்திரிகையில் போட்டால்கூட நம்பியிருக்கமாட்டார். சமையலறைக் கத்தரியை எடுத்து வந்து ஒவ்வொன்றாக அடியில் நறுக்கினார். ஒவ்வொன்றுக்கு முன்னாலும் ஒரு நிமிஷம் நின்று, "இது நல்லா வந்திருக்கும்" என்றார். அவள் கண்ணை மூடி வெயிலில் சாய்ந்திருந்தாள். கடைசியில் மூலையில் நின்றவை நாலே நாலு. நிறைய மண் மிஞ்சிவிட்டதால் ஆளுக்கொரு பெரிய பக்கெட் கிடைத்தது.

பிறகு நடந்தது யாருக்கும் புதிதல்ல, அவரைத் தவிர. தனி மண்ணும் தனி வெயிலும் கிடைத்ததும் அந்த நாலும் பேய்போலக் காய்த்தன. கம்பு வளைந்தது. கூடை நிறைந்தது. இரண்டாம் மாடிக்காரர் கூடையைக் கண்டதும் உள்ளே போய், "நான் இல்லன்னு சொல்லு" என்று கத்தினார். கடைக்காரர் கும்பிட்டார்: "வேணாம் சார், எங்க வீட்டுல குழம்பு, கூட்டு, குழந்தைங்க மூஞ்சி எல்லாம் செவப்பாயிடுச்சு."

புத்தியுள்ளவன் இதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்வான். இவரும் கற்றுக்கொண்டார். நாலு செடியே இவ்வளவு கொடுத்தால் முப்பத்தொன்று எவ்வளவு கொடுத்திருக்கும்? அதையே தையல்கடையில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். "ஒரு தோட்டத்தையே அழிச்சுட்டா மகராசி," என்று பெருமூச்சு விட்டார். கேட்டவர்கள், பாவம், சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள். உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த விதைப்புக்கான நாள் வந்தது. காலையில் அவள் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஏதோ உரசும் சத்தம்.

"கீழ என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா தையல்கடை டேப்ப வாங்கிட்டு வந்தீங்க?"

மனிதர் மண்டியிட்டிருந்தார். டேப்பின் ஒரு நுனி நாற்காலியின் முன்காலில், மறு நுனி பின்காலில். "நாற்காலிக்கு அடியில இவ்வளவு எடம் சும்மாத்தான கெடக்கு," என்றார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "அங்க என் நிழல் உக்காந்திருக்கு," என்றாள்.

அவர் டேப்பைச் சுருட்டினார்.