இது என்ன சாதி நாய்?

எனக்கு ஒரு காது முழுசாகப் போய்விட்டது. இன்னொன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. யாராவது பக்கத்தில் நின்று கத்தினால் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி கேட்கும். காதில் மாட்டும் மிஷின் ஒன்று வாங்கினோம். அதை மாட்டிக்கொண்டு தையல் மிஷினை மிதித்தால் தலைக்குள் டிராக்டர் ஓடுகிறது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். மற்றபடி எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. பழகிவிட்டால் சில வார்த்தைகள் உதடு பாதி அசையும்போதே பிடிபட்டுவிடும். "எப்ப கிடைக்கும்", "கை டைட்டா இருக்கு", இப்படி. இவை எல்லாவற்றையும்விட வேகமாக எனக்குப் பிடிபடுவது "என்ன சாதி". அடுத்த தெருவில் நின்று கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். அவ்வளவு பழக்கம்.

நான் பிறந்தது சர்ச்சுக்குப் போகிற குடும்பம். என் வீட்டுக்காரர் இண்டூர் பக்கம், காடு தோட்டம் வைத்திருக்கிற, மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம். இரண்டு வீட்டிலும் எங்களைச் சேர்க்கவில்லை. தர்மபுரி டவுனில் வாடகை வீடு, வாடகை வீடு, மறுபடி வாடகை வீடு. ஒவ்வொரு வாசலிலும் அந்தக் கேள்வி. சர்ச் என்று சொன்னால், "அது சரிங்க, அதுல எந்த சாதி?" என்பார்கள். அவருடைய சாதியைச் சொன்னால், என் கழுத்தையும் நெற்றியையும் பார்த்துவிட்டு, "அம்மா எந்த ஊருங்க?" என்பார்கள். எந்தப் பதிலைச் சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி ரெடியாக இருக்கும். எங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவளோடு படித்தவள் ஒருத்தி "நீ கிராஸா?" என்று கேட்டாளாம். வந்து சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கேள்வி ஒருநாள் எங்கள் நாய்க்கும் வந்தது.

அவர் லோடு வண்டி ஓட்டுகிறார். மாரண்டஹள்ளி மண்டியில் தக்காளி ஏற்றப் போன இடத்தில், காலிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு குட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். அதன் அம்மா அந்த மண்டியில் திரியும் செவலை நாய். அப்பா யாரென்று அந்த நாய்க்கே தெரியாது. குட்டி கறுப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு மஞ்சள் பொட்டு, காலில் மஞ்சள், அகலமான மண்டை. "இது ஒண்ணு கொறச்சலா இருந்துச்சா நமக்கு?" என்று அவரிடம் சண்டை போட்டேன். வாரம் தாண்டுவதற்குள் அது என் மிஷினுக்கு அடியில் குடியேறிவிட்டது.

யாரும் பழக்கவில்லை. கேட்டில் ஆள் வந்தால் முதலில் ஓடிப்போய்க் குரைத்துப் பார்க்கும். நான் திரும்புவதில்லை என்று எப்படியோ புரிந்துகொண்டது. பிறகு குரைக்காமல் நேராக என்னிடம் வந்து முட்டியில் மூக்கால் இடிக்கும். நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஆள் நிற்கும். திரும்பி வந்து தலையைத் தடவிக் கொடுப்பேன். அதற்கு அது போதும். இது வருவதற்கு முன்னால், ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தவர்கள் கேட்டைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வேறு டெய்லரிடம் போய்விடுவார்கள். ஒருநாள் அடுப்பில் குக்கர் விசிலடித்து விசிலடித்துத் தண்ணீர் வற்றிக் கருகியது. புகை மிஷினுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது குக்கர் விசிலுக்கும் முட்டியில் இடி விழுகிறது. பருப்பு குழைவதற்குள் போய் அணைத்துவிடுகிறேன்.

மாடியில் ஓனரம்மா இருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு சாயங்காலம், நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே கீழே இறங்கி வந்து, நாயைப் பார்த்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"இது என்னா சாதிங்க?"

சாதாரணமாக நாயைக் கேட்கிற கேள்விதான். நம் பக்கம் எல்லாரும் அப்படித்தானே கேட்கிறோம். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

"தெரியலீங்க. மண்டியில கெடந்துச்சு."

"மொகத்தப் பாருங்க. ராட்வீலர் கிராஸுன்னு எங்க தம்பி சொல்றான். ஆளப் புடிச்சிக் கொதறுற சாதின்னு டிவியில தெனம் காட்றாங்க. எம் பேரன் லீவுக்கு வரான். அதுக்குள்ள இத ஒரு வழி பண்ணிடுங்க. இல்லன்னா வேற வூடு பாத்துக்குங்க."

"இது யாரையும் கடிச்சது இல்லீங்க."

"கடிச்ச பொறவு பேசி என்னா ஆவறது?"

சின்னப் பிள்ளை வருகிறது, பயப்படத்தான் செய்வார்.

ராத்திரி சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். உதடு தெரியவில்லை. "நிமிந்து சொல்லுங்க" என்றேன். நிமிர்ந்தார். "காலையில லோடுக்குப் போறப்ப மண்டியிலயே வுட்டுட்டு வந்துடட்டுமா?"

"தாராளமா. அப்படியே என்னையும் ஏத்திக்குங்க. ரெண்டு பேரையும் ஒண்ணா எறக்கி வுட்டுட்டு வாங்க" என்றேன். அதற்குமேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பாவம், அவருக்கும் வீடு மாற்றி மாற்றி இடுப்பு ஒடிந்துவிட்டது.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் வழி சொன்னாள். நாய்க்கு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கிறதாம். வாயில் எச்சில் எடுத்து அனுப்பினால் அதன் பாட்டன் முப்பாட்டன் வரைக்கும் எந்த இனம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்களாம். "ராட்வீலர் இல்லன்னு பேப்பர்ல வந்துட்டா அவங்களால என்னம்மா பேச முடியும்?" என்றாள். வீடியோ காலில் அவள் உதட்டைப் பார்க்கும்போது எனக்கும் நம்பிக்கை வந்தது.

பெட்டி வந்தது. உள்ளே பஞ்சு சுற்றின இரண்டு குச்சி. அதற்கு முன்னால் நாய் எதுவும் தின்னக் கூடாது. தின்னாமல் வைத்திருப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. சட்டியைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தது. அவர் கால்களுக்கு நடுவில் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மகள் போனுக்குள்ளிருந்து கையை ஆட்டி ஆட்டி, "கன்னத்துக்கு உள்ள தேய், கன்னத்துக்கு உள்ள" என்றாள். முதல் குச்சியை நாய் தீனி என்று நினைத்துக் கடித்து மென்று துப்பிவிட்டது. இரண்டாவது குச்சியில்தான் எச்சில் எடுத்தோம். கூரியர் ஆபீஸில், உள்ளே என்ன என்று கேட்டதற்கு, நாய் எச்சில் என்று சொல்ல வெட்கப்பட்டு அவர் "மருந்துங்க" என்று சொன்னாராம்.

பிறகு காத்திருந்தோம். மகள் கல்லூரிச் சேர்க்கைக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. ஒவ்வொரு முறை முட்டியில் மூக்கு பட்டபோதும் ஓனரம்மாதான் வந்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். மாடிப்படியில் ஓனரம்மாவைப் பார்த்தால், டெஸ்டுக்குக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிச் சொல்லி நாளைத் தள்ளினேன். "நாய்க்கெல்லாமா டெஸ்டு?" என்று சிரித்தார். சிரித்தாலும் சரி, நாள் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ரிசல்ட் மகளின் போனுக்கு வந்தது. அந்த வாரம் அவள் ஊருக்கு வந்திருந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாக வாயைத் திறந்து வாசித்தாள். லேப்ரடார் கொஞ்சம். டாபர்மேன் கொஞ்சம். பொமரேனியன் ஒரு துளி. ராட்வீலர் சுத்தமாக இல்லை. மீதி முக்கால்வாசிக்கு மேல் ஒரே இனம். அந்த இடத்தில் அவள் உதடு நின்றுவிட்டது.

"என்னடி?"

போனைத் திருப்பிக் காட்டினாள். நாட்டு நாய்க்கு இங்கிலீஷில் ஒரு பெயர் போட்டிருந்தது. நம் ஊரில் ஒரு சாதி மக்களின் பெயரைத் தூக்கி வெள்ளைக்காரன் தெருநாய்க்கு வைத்துவிட்டுப் போன பெயர். அந்த வார்த்தையை அவள் வாய்விட்டு வாசிக்கவில்லை, நானும் வாசிக்கவில்லை. நாட்டு நாய் என்று போட்டால் என்ன குறைந்துவிடும் அவர்களுக்கு? இத்தனை பெரிய மிஷின் வைத்து எச்சிலைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நாயின் ரத்தத்தைத் தேடப் போய் கடைசியில் அங்கேயும் சாதிதான் உட்கார்ந்திருக்கிறது. சே என்று வந்தது எனக்கு.

ஆனாலும் ராட்வீலர் இல்லையே. அந்தச் சந்தோஷத்தில் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மகளும் கூட வந்தாள். ஓனரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். மகள் விளக்கிச் சொன்னாள். அவர் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அப்ப இது சாதி நாயே இல்லீங்களா?"

"இல்லீங்க. நாட்டு நாய். கடிக்கிற சாதி இல்ல" என்றேன்.

"நான் ஏதோ ஃபாரின் சாதின்னு நெனச்சித்தான் இத்தன நாளு கம்முனு இருந்தேன். தெரு நாய்ன்னா வெறி புடிக்குமேம்மா. கொழந்த வர வூடு."

"ஊசியெல்லாம் போட்டிருக்குதுங்க" என்றேன்.

"ஊசி போட்டா சாதி மாறிடுமா?" என்றார்.

மகள் ஏதோ பேச வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். கோபம்கூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் ஒன்று எங்கோ இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும் என்று இத்தனை வயதுக்கு அப்புறமும் நம்பி எச்சில் எடுத்து அனுப்பியிருக்கிறேன் பாருங்கள். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

மறுபடி வீடு தேடல். நாய் என்றதும் சிலர் வேண்டாம் என்றார்கள். கடைசியில் இண்டூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்து, பார்த்தால் பார்க்கட்டும் என்று நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டே போனோம். ஓனர் ரிட்டயர் ஆனவர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு நாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உதடு அசைந்தது.

"என்ன சாதிங்க?"

நான் தயாராக இருந்தேன். சட்டென்று போனை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"நாட்டு நாயா? அதான் வேணும். காவலுக்கு அதுபோல எது இருக்குது? தாராளமா கூட்டிகினு வாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் வீட்டுக்காரர் லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓனரைக் கும்பிட்டார். நாய் என் காலடியில் படுத்து வாலை ஆட்டியது. ஓனர் போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்து, அதே சிரிப்போடு கேட்டார்.

"நீங்க என்ன சாதிங்க?"

உதடு பாதி அசையும்போதே புரிந்துவிட்டது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். சுவரில் காலண்டர் இருந்தது, அதைப் பார்த்தேன். செவிடுதானே, கேட்கவில்லை என்று இருந்துவிடலாம். என் வீட்டுக்காரரும் தலையைக் குனிந்துகொண்டார். இப்படியே ஓனர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

மறுபடி கேட்டிருப்பார் போலிருக்கிறது. கொஞ்சம் சத்தமாகவே கேட்டிருப்பார். நாய் எழுந்து வந்து என் முட்டியில் மூக்கால் இடித்தது. நான் அசையவில்லை. இன்னொரு தரம் இடித்தது. உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், உனக்குக் கேட்கவில்லை என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அதன் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"கேட்டுச்சு கண்ணு" என்றேன். "கேட்டுச்சு."