மடியில் ஓடிய கணக்கு

எங்கே மடிக்கணினியின் விசிறி இரைந்தாலும் என் முதுகில் அந்தச் சூடு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

சங்கராபுரத்தில் அன்று பராமரிப்புக்காக மின்தடை. சாயங்காலம்தான் கரண்டு வரும். தங்கைக்கு மறுநாள் காலை சென்னையில் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. அவள் கணினியில் கணக்கு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது.

துகள்கள் மோதினால் எவை பிறக்கும், பிறந்தவை எப்படிச் சிதையும் என்று கணக்குப் போடும் மென்பொருள் அது. எது எதோடு மோதுகிறது என்று எழுதிக் கொடுத்தால் போதும். நடக்கக்கூடிய வழிகளையெல்லாம் தானே படமாக வரைந்து, சமன்பாடு எழுதி, கூட்டிச் சொல்லிவிடும். தங்கை அவசரத்தில், பங்கு கம்மிதானே என்று ஒரு துகளை விலக்கச் சொல்லியிருந்தாள். ஏன் என்று அது கேட்கவில்லை. விலக்கிவிட்டது.

ஆய்வேட்டைப் படித்த தேர்வாளர் ஒருவர், தேர்வுக்கு வரும்போது வரைபடத்தை இன்னும் உயர்ந்த ஆற்றலுக்கு நீட்டிக் காட்டச் சொல்லி எழுதியிருந்தார். நீட்டினாள். கோடு ஏறியது, ஏறியது, மோதலின் வாய்ப்பு நூற்றுக்கு நூறையும் தாண்டி ஏறியது. அப்படியொரு வாய்ப்பு எந்த உலகத்திலும் கிடையாது. விலக்கிய அந்தச் சின்னத் துகள்தான் மற்றவற்றின் ஏற்றத்தைக் கழித்து அடக்கி வைத்திருந்தது போல. அதைத் திரும்பச் சேர்த்து மறுபடி ஓடவிட்டிருந்தாள்.

மலையடிவாரத்துக்கு வேறு மின் லைன், அங்கே கரண்டு இருக்கும். வண்டியை எடுத்தேன். மூடினால் கணக்கு நின்றுவிடும் என்று கணினியைப் பாதி திறந்தபடி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள்.

"பேட்டரி எவ்ளோ கீது?"

"கேக்காத. பள்ளம் பாத்து வுடுண்ணா."

கரும்பு டிராக்டர், நாய், வேகத்தடை. ஒவ்வொன்றிலும் கணினியின் சூடு என் முதுகில் வந்து மோதியது. எதிரே கல்வராயன் மலை, நெருங்க நெருங்கத் தள்ளிப் போகிற மாதிரி.

"இந்தக் கோடும் ஏறினா?" என்றேன்.

"ஏறினா நான் சென்னைக்குப் போவல."

அடிவாரத்து டீக்கடையில் விளக்கு எரிந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மடியில அடைகோழியா?"

"ஆமாங்க. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் கொஞ்சம் கரண்டு குடுங்க."

சிரித்தாள், டீயைத் தொடவில்லை. திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாம் மேலே, மேலே. பழைய கோட்டின் மேலேயே நடக்கிறாற்போல இருந்தது. எனக்கு அதைப் பார்க்கத் தெம்பில்லை. சாலையைப் பார்த்தேன். மலையிலிருந்து கள்ளக்குறிச்சி பஸ் இறங்கி வந்துகொண்டிருந்தது. அதை விட்டால் கள்ளக்குறிச்சியில் ராத்திரி சென்னை வண்டியைப் பிடிக்க முடியாது.

பஸ் நின்றது. தங்கை ஒயரைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள். ஒரு கால் படியில், ஒரு கால் மண்ணில், கண் திரையில்.

"இன்னாம்மா, ஏறுறியா, படம் பாத்துக்கினே நிக்கிறியா?" என்றார் கண்டக்டர்.

விசில் ஊதினார். நான் அவள் பயணப் பையை நீட்டிக்கொண்டு நின்றேன். கொடுக்கவும் முடியவில்லை, இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அவள் கை நீண்டு பையை வாங்கியது.

"கோடு கீழ வளையுதுண்ணா," என்றாள். "போய்ட்டு வரேன்."