இருபத்து மூன்று அங்குல சீட்

போன சனிக்கிழமை ஒரு கார் ஷோரூமில் கத்திவிட்டேன்.

ஏசி ஹால். நடுவில் ரிப்பன் கட்டிய வண்டி. பக்கத்து மேஜையில் ஒரு குடும்பம் புது கார் வாங்கக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. நான் போட்ட சத்தத்தில் அவர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். இன்றைக்குப் புதன். இன்னும் எனக்கு ஆறவில்லை. வேறு யாரிடம் போய்ப் புலம்ப? உங்களிடம்தான்.

என் கணவரைப் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவர். விசில் ஊதினால் மொத்த கிரவுண்டும் நிற்கும். ஒன்றரை வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் இப்போது சொன்ன பேச்சு கேட்பதில்லை. கைத்தடியோடு மெதுவாக நடப்பார். வாய்க்கு மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

எங்கள் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டது. பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் முன் சீட் நல்ல உயரம். அவர் இடுப்புக்குக் கச்சிதமாக வரும். அந்த சீட்டில் தானாக ஏறி உட்கார எட்டு மாதம் பழகினார். டிரில் மாதிரி எண்ணிக்கொண்டே செய்வார். ஒன் — சீட்டுக்கு முதுகைக் காட்டி நிற்பது. டூ — உட்காருவது. த்ரீ — வலது கையால் இடது காலைத் தூக்கி உள்ளே வைப்பது. நடுவில் யாரும் தொடக் கூடாது. தொட்டால் முறைப்பார்.

தினமும் சாயங்காலம் மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் பீச் வரை அழைத்துப் போவேன். வண்டியைக் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சுண்டல் சாப்பிடுவோம். வீட்டுக்கு வெளியே யாருடைய கையும் இல்லாமல் அவர் செய்கிற காரியம், அந்த வண்டியில் ஏறி இறங்குவது ஒன்றுதான்.

அந்த வண்டிக்குத்தான் சீட்டுக் கிழித்தார் சலீம் பாய். சைதாப்பேட்டையில் ஷெட் வைத்திருக்கிற எங்கள் மெக்கானிக்.

"மேடம், கால் வெக்கிற மேட்டைத் தூக்கிட்டுப் பாருங்க. கீழ தகடு பூரா துரு புட்சிக்கீது. பீச்சாண்டயே நிறுத்திக்கினு இருந்தா உப்புக்காத்து சும்மா வுடுமா? சார் குந்தற பக்கம்தான் ரொம்ப மோசமா கீது."

"சரி பண்ண முடியாதா பாய்?"

"பண்லாம். புதுத் தகடு வெச்சு வெல்டிங் அடிச்சா ஓடும். எம்மா நாளுன்னு மட்டும் கேக்காதீங்க. ரெண்டு மழ தாங்கும். அப்பால திருப்பியும் இங்கதான் வரணும். என்னைக் கேட்டா, வேற வண்டி பாத்துடுங்க."

அன்று ராத்திரியே தையல் டப்பாவிலிருந்து இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தரையிலிருந்து சீட் வரை அளந்தேன். இருபத்து மூன்று அங்குலம். எழுதி வைத்துக்கொண்டேன். இதே உயரத்தில் புது வண்டி கிடைத்தால் வாங்குவது, இல்லையென்றால் வெல்டிங். இதுதான் திட்டம். சுலபமாகத் தெரிகிறது, இல்லையா?

போங்கள், போய்க் கேட்டுப் பாருங்கள். சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு ஷோரூமில் கேட்டுப் பாருங்கள்!

முதலில் தி.நகர்.

"சன்ரூஃப் வருது மேடம். 'ஓப்பன்'னு சொன்னா அதுவே திறக்கும்."

மே மாத மத்தியானம் பாண்டி பஜாரில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு யார் போவது? அப்பளம் பொரிக்கவா? "சீட் ஹைட் எவ்வளவு தம்பி?" என்றேன். "டச் ஸ்க்ரீன் பத்து இன்ச் மேடம்" என்றார். மறுபடி கேட்டேன். உள்ளே லைட் அறுபது கலரில் மாறுமாம். எனக்கு ரத்தக் கொதிப்பு மாறியது. நானே டேப்பைப் போட்டு அளந்தேன். இருபது. உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்தது அடையாறு. அங்கே இருபத்தேழு. அதில் ஏற ஏணி வேண்டும்.

இரண்டு இடத்திலும் இவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு காபியைக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது, மவுன்ட் ரோடு. இங்கேதான் அந்தக் கூத்து நடந்தது. சீட் இருபத்து இரண்டரை. பரவாயில்லையே என்று நிமிர்ந்தேன். சேல்ஸ் ஆள் சிரித்த முகமாக என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சாரைத் தூக்கி வெச்சுப் பாத்துடலாமா மேடம்?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தரும் வந்துவிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு அக்குளில் கையைக் கொடுத்து, ஃப்ரிட்ஜை ஏற்றுவது மாதிரி ஏற்றிவிட்டார்கள். இவருடைய கைத்தடி தரையில் கிடந்தது. சட்டை வயிற்றுக்கு மேலே ஏறிவிட்டது. "கம்ஃபர்டபிளா இருக்காரா மேடம்?" என்று அப்போதும் என்னைத்தான் கேட்டார்கள்.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது, எடிட்டர் விடமாட்டார்.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? ஒருத்தர் கையில் தடி வந்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு ஊரே அவரைப் பற்றிய கேள்வியைப் பக்கத்தில் நிற்கிறவரிடம்தான் கேட்கும். ஓட்டலில், "சாருக்கு என்ன கொண்டு வர?" கிளினிக்கில், "பேஷன்ட் நல்லாத் தூங்குறாரா?" பேஷன்ட் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாரய்யா! காது கேட்கிறது. வாய் இருக்கிறது. முப்பது வருடம் பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்ட வாய். அவரிடம் கேட்டால் என்ன குறைந்துபோகும்?

வீட்டுக்குத் திரும்பும்போதும் விடாமல் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஆழ்வார்பேட்டை சிக்னலில் வண்டி நின்றது.

"உனக்கு யார் மேல கோவம்?" என்றார் இவர்.

"அவனுங்க மேலதான். வேற யார் மேல? கேட்காம கொள்ளாம ஆளைத் தூக்கறானுங்க."

"அவன் தூக்கினது தப்புதான். நீ என்ன பண்ணின?"

"நான் என்னங்க பண்ணினேன்?"

"மூணு கடைக்குக் கூட்டிட்டுப் போன. டேப் வெச்சு அளந்த. இருபதா, வேண்டாம். இருபத்தேழா, வேண்டாம். முடிவு எல்லாம் நீயே எடுத்துட்ட. நான் காபி குடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வண்டியிலயாவது ஏறிப் பாருங்கன்னு என்னைச் சொன்னியா?"

"உங்களுக்காகத்தானே..."

"இந்த சீட்டுல உட்கார எட்டு மாசம் கத்துக்கிட்டேன். இன்னொரு சீட்டைக் கத்துக்க மாட்டேன்னு யார் சொன்னது உனக்கு?"

சிக்னல் பச்சையாகி, பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கினார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அந்த பஸ்காரரைத் திட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, இவர் சொன்னபடி மறுபடியும் தி.நகர் ஷோரூம்; தூக்கி வைத்த கடைக்கு இனி வர மாட்டாராம். இந்த முறை இவர்தான் முன்னால் நடந்தார். நான் பின்னால்.

சன்ரூஃப் பெருமை பேசிய அதே சேல்ஸ் ஆள். "டெஸ்ட் டிரைவ் இருபது நிமிஷம் சார். யார் ஓட்டப் போறீங்க?"

"நான் ஓட்ட வரல தம்பி. ஏற வந்திருக்கேன். வண்டியை வெளியில நிறுத்துங்க, கதவைத் திறந்து வெச்சுட்டுத் தள்ளி நில்லுங்க."

முதல் தடவை, சீட் தாழ்வாக இருந்ததால் தொப்பென்று விழுந்தார். தலை கதவு விளிம்பில் இடித்தது. நான் ஓடினேன். "நில்லு" என்றார். நின்றேன். இறங்கும்போது பாதியில் மாட்டிக்கொண்டார். முகமெல்லாம் வியர்வை. சேல்ஸ் ஆள் கையை நீட்டினார். நான் முறைத்த முறைப்பில் கை உள்ளே போய்விட்டது. என் கையை நான் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது தடவையும் சரிவரவில்லை. மூன்றாவதில் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளச் சொன்னார். நான்காவதில் வலது கையைக் கதவின் ஜன்னல் விளிம்பில் ஊன்றி, மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். ஐந்தாவதில் அதே விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தும் வந்தார். ஒரு மணி நேரம் ஆனது. இருபது அங்குல சீட்! நான் உதட்டைப் பிதுக்கி ஒதுக்கிய அதே சீட்.

சலீம் பாய்க்கு போன் செய்து வெல்டிங் வேண்டாம் என்று சொன்னேன். "நானே எட்த்துக்கிறேன் மேடம், பார்ட்ஸுக்கு ஆவும்" என்றார். வண்டியை புக் செய்ய உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்த அந்த சேல்ஸ் ஆள், ஃபாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்கிறார்:

"சாருக்கு என்ன கலர் மேடம்?"

'வெள்ளை' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வெயிலுக்கு நல்லது, அழுக்குத் துடைக்கச் சுலபம், காரணமெல்லாம் வரிசையாகத் தயார். கஷ்டப்பட்டு முழுங்கிக்கொண்டு, அவரைக் கேளுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"சிவப்பு" என்றார் பி.டி. மாஸ்டர்.

தக்காளிச் சிவப்பு. எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இதுவரை வாயைத் திறக்கவில்லை — வயிறு எரிகிறது!