வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ரிவால்வர்

ஓமன் நாட்டு நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை காலை ஆட்டுச் சந்தை கலையும்போது, அதன் ஓரத்திலேயே பழைய துப்பாக்கிகள் விலைக்கு வரும். முண்டாசு கட்டிய கிழவர்கள் நீளத் துப்பாக்கிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பார்கள். கேட்டவர் கையில் கொடுப்பார்கள், விலை படியாவிட்டால் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். ஓமன்காரர்களுக்கு அது கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் வேண்டிய பொருள். எங்களைப் போல வேலைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

அந்தச் சந்தையில் ஒரு கிழவர் மடித்த துணியில் ஒரு ரிவால்வரை வைத்திருந்தார். என் உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரியது. பிடியில் ஒரு மூலை உடைந்திருந்தது, குழல் முழுக்கத் துரு. உருளையில் பென்சில்கூட இறுக்கமாகத்தான் நுழையும், அத்தனை சின்ன ஏழு துளைகள். எனக்கு வயது நாற்பத்தைந்து. கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள். ஆனாலும் அதைக் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனம் வரவில்லை.

எங்கள் கார் ஏசி ஒர்க்‌ஷாப்பின் முதலாளி, நாங்கள் அர்பாப் என்று கூப்பிடுகிறவர், அன்று ஆடு வாங்க வந்திருந்தார். நான் நிற்பதைப் பார்த்துப் பக்கத்தில் வந்தார். அவருக்கு ஹிந்தி நன்றாக வரும்.

“இதையா பார்க்கிறாய்? இது பொம்பளைங்க கைப்பையில வைக்கிறது பாய்” என்று சிரித்தார்.

“என் பேர்ல வாங்க முடியாதே அர்பாப்” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “என் லைசென்ஸ்ல சேர்த்துக்கிறேன். என் வீட்டுலதான் இருக்கும். நான் இருக்கும்போதுதான் தொடணும். அச்சா?”

விலை ஒரு செகண்ட் ஹாண்ட் போனை விடக் குறைவு. அங்கேயே அதைப் பிடித்தபடி ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். சிவகங்கையிலிருந்து மச்சினன் உடனே கூப்பிட்டு, “மாப்ள, டான் ஆயிட்டீங்க போல” என்றான். அன்று முழுக்க அந்த வார்த்தை எனக்கு இனித்தது.

என் ரூமில் என்னோடு இருந்தவன் கிளிநொச்சிக்காரன். என்னை விட நாலைந்து வயது இளையவன். ஒரே ஒர்க்‌ஷாப், ஒரே ரூம், ஒரே சட்டி. அவன் சமைப்பான், நான் பாத்திரம் கழுவுவேன். என்னை ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவான். இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் அவன் ஊரில் நடந்ததை நான் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. கேட்காமல் இருப்பது நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு அக்கறை இல்லை.

துருவை எடுத்து, அர்பாபுக்குத் தெரிந்த ஒரு துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் காட்டி, சுடலாம் என்று அவர் சொன்ன பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாதிக்குக் கிளம்பினோம். மலைக்கு நடுவில் தண்ணீர் வற்றிக் கிடக்கும் கல் ஆறு அது. அர்பாப், அவருடைய மகன், மகனின் நாலு வயதுப் பெண் குழந்தை, நான், அவன். அன்று துப்பாக்கியும் வருகிறது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. “கோழி சுடப் போறோம்யா, மசாலா எடுத்துக்க” என்று மட்டும் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், அசந்துபோவான் என்று எனக்கு ஒரு ஆசை.

அவன் ஒரு பாறை ஓரமாகக் கல் கூட்டி அடுப்பு மூட்டினான். குழந்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து சுள்ளி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரத்தில் காலி டின்களை அடுக்கினேன். அர்பாப் தோட்டா போட்டுக் கையில் கொடுத்தார். என் போனை மகனிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னேன்.

சுட்டேன். பெரிய சத்தமில்லை, தெருவில் பையன்கள் கொளுத்தும் ஒற்றை வெடி மாதிரிதான். ஆனால் மலை அதை வாங்கித் திருப்பி அடித்தது. டின் அசையவில்லை. பின்னால் குழந்தை வீறிட்டது. திரும்பினேன். அவன் குப்புறக் கிடந்தான். குழந்தை அவனுக்கு அடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதன் தலையை மூடியிருந்தான்.

நான் சிரித்தேன். “யோவ், ஓலை வெடிக்கே இப்படியா?” என்றேன்.

அவன் எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டேதான் நான் மறுபடியும் டின் பக்கம் திரும்பினேன். ஒன்றாவது விழ வேண்டும் என்று இருந்தது. இன்னொரு முறை சுட்டேன். அதுவும் படவில்லை.

அர்பாப் வந்து என் கையிலிருந்து ரிவால்வரை வாங்கிக்கொண்டார். “கலாஸ், போதும்” என்றார். போய் அவன் பக்கத்தில் முட்டி போட்டு, முதுகில் கை வைத்து, ஏதோ அரபியில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து அவன் விலகினான். குழந்தையின் தாடையில் சிராய்ப்பு. அவன் முழங்கை இரண்டும் கல்லில் கிழிந்திருந்தன. எழுந்தவன் சட்டையைத் தட்டிக்கொண்டு, “கோழி கருகப்போகுது” என்று அடுப்பைப் பார்க்கப் போனான்.

இதோடு விட்டிருந்தால்கூட நான் வெறும் முட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்குப் பின்னால் அவன் விழுந்ததும் என் சிரிப்பும் பதிவாகியிருந்த அந்த வீடியோவை அன்று சாயங்காலம் ஒர்க்‌ஷாப் குரூப்பில் போட்டேன். ‘நம்ம ஆளு வீரம்’ என்று எழுதி, வரிசையாகச் சிரிக்கும் முகங்களையும் போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். யார் யாருக்கோ அனுப்பினார்கள். அவனும் அந்தக் குரூப்பில் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

சில நாள் கழித்து, டூட்டிக்குக் கிளம்பும் முன் அவன் டீ ஊற்றிக் கொடுத்தபடி சொன்னான்.

“அண்ணை, அந்த வீடியோவ அழிச்சுவிடுங்கோ.”

“அட, சும்மா தமாசுக்குத்தானேய்யா.”

“ஓம், விளங்குது. தங்கச்சி பாத்திட்டா. கனடாவில இருக்கிறா. ஆரோ அனுப்பியிருக்கினம். போன் எடுத்து ஒரே அழுகை.”

“நீ விழுந்ததைப் பார்த்துப் பயந்துட்டாங்களா?”

அவன் டம்ளரைக் கழுவினான். “இல்லை. குண்டு போட கிபிர் பிளேன் இரைஞ்சுகொண்டு வரேக்க நான் அவவுக்கு மேல அப்பிடித்தான் படுக்கிறனான். அம்மா சொல்லித் தந்தவா. அவ சின்னப்பிள்ளை. எத்தினை தரம் எண்டு கணக்கில்லை. இப்ப அதைப் பாத்தவுடன தான் கீழ கிடக்கிற மாதிரி இருந்ததாம். பிறகு ஆரோ சிரிக்கிற சத்தம் கேட்டதாம். ஆரண்ணா அது எண்டு கேட்டவ.”

“நீ என்ன சொன்ன?”

“ரூம்காரர் எண்டனான்.”

வீடியோவை அழித்தேன். குரூப்பில் போனது போனதுதான், எங்கெங்கே சுற்றுகிறதோ தெரியாது. மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ‘எனக்குத் தெரியாதுய்யா’ என்று நாலைந்து தடவை சொன்னதுதான் மிச்சம். அவன், “பரவாயில்லை அண்ணை, வண்டி வந்திட்டுது” என்று செருப்பை மாட்டிக்கொண்டான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அர்பாப் அந்த ரிவால்வரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். என்னைக் கேட்கவில்லை, பணத்தை மட்டும் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்தார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்து சாப்பாடு வரும். பாத்திரத்தைக் கொண்டுவரும் அவருடைய மகன் அதை என்னிடம் தராமல் என் ரூம்காரன் கையில்தான் கொடுப்பான்.

நாங்கள் இன்னும் ஒரே ரூமில்தான் இருக்கிறோம். அவன் சமைக்கிறான், நான் கழுவுகிறேன். போன வாரம் ஒரு காலையில் தங்கையோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தவன் திடீரென்று போனை என் பக்கம் நீட்டினான். “அண்ணை, தங்கச்சி உங்களோட கதைக்கவேணுமாம்.”

திரையில் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெண். மடியில் ஒரு குழந்தை. “அண்ணை, சாப்பிட்டீங்களோ? அண்ணா உங்களைப் பற்றி நெடுகலும் சொல்லுறவர்” என்றாள்.

அவள் குரலில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இன்னும் எதையோ கேட்டாள், என் மகளைப் பற்றி என்று நினைக்கிறேன்.

“சிக்னல் சரியில்லம்மா, கேக்கல” என்று சொல்லிப் போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அது அவனுக்கும் தெரியும்.