போண்டாவின் மேல் விழுந்த பழி

என் கணவருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துப் பத்து மாதம் ஆகிறது. ஸ்டென்ட் அவருக்கு, தண்டனை எனக்கு. சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் இப்போது பிரஷர் பார்க்கும் கருவி உட்கார்ந்திருக்கிறது. ரசத்தில் உப்பு போட்டேனா இல்லையா என்று என் நாக்குக்கே தெரிவதில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். சினிமாவை நிறுத்தினார் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து சனிக்கிழமை மாட்டினி எங்களுக்கு ஒரு நியமம். படம் நன்றாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. மோசமான படமென்றால் இன்னும் விசேஷம், மயிலாப்பூர் வந்து சேரும்வரை ஆட்டோவில் இருவருமாக அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவோம். பிள்ளைகள் அவரவர் வழியில் போயாயிற்று, நானும் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இனி எனக்கு வேண்டியதெல்லாம் அந்த மூன்று மணி நேரம், பக்கத்தில் அவர். இது கேட்கக்கூடாத வரமா?

"வாங்கோன்னா, ஒரு படம் போயிட்டு வரலாம்" என்றால் போதும், "டாக்டர் கூடாதுன்னுட்டா" என்பார். தியேட்டர் சத்தம் இதயத்துக்கு ஆகாதாம். எனக்கென்னவோ இது டாக்டர் சொன்னது போல இல்லை, பூங்கா சொன்னது போல இருந்தது. காலை நடைக்குப் போகும் பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்காரும் நாலைந்து சிநேகிதர்கள் இவருக்கு. ஒருவர் பாங்க், ஒருவர் ரயில்வே, எல்லாருமே ரிடையரானதும் அரை வைத்தியர் ஆனவர்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தால் கட்டினவள் பார்ப்பதற்கு முன் அந்த பெஞ்சு பார்த்துவிடும். வெந்தயம் எவ்வளவு, பூண்டு எத்தனை பல் என்று தீர்ப்பு எழுதி வீட்டுக்கு அனுப்பும். சமைப்பது மட்டும் நான்.

இவருக்கு நெஞ்சு வலி வந்ததற்கும் அந்த பெஞ்சு ஒரு காரணம் கண்டுபிடித்திருந்தது. அன்று படம் முடிந்து வரும்போது மாட வீதியில் நான்தான் போண்டா வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த அரை மணியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணெய்ப் பலகாரம்தான் காரணம் என்றார்கள் பூங்காக்காரர்கள். இவரும் இல்லை என்று சொல்லவில்லை. பத்து மாதமாக அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் குற்றம் செய்தவள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

போன வாரம் அடையாறில் செக்கப். வழக்கமாக பெஞ்சு சிநேகிதர் ஒருவர்தான் துணைக்குப் போவார். அன்று அவருக்கு முழங்கால் வலி என்று நான் போனேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. நான் விடவில்லை.

"சினிமாவுக்குப் போகலாமா டாக்டர்?"

"தாராளமா போங்க. யாரு வேணாம்னது?" என்றவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "ஆனா சார், போன தடவை மாதிரி இன்டர்வல்லேருந்து வலியைப் பொறுத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. உடனே எழுந்து வந்துடணும்" என்றார்.

இன்டர்வல்லா? நான் இவரைப் பார்த்தேன். இவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். நெஞ்சு வலி வந்த அன்று, ஆஸ்பத்திரியில் நான் கவுன்ட்டரில் அட்மிஷன் பாரம் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

ஆட்டோவில் ஏறினோம். "கோயிலாண்ட ஜாம் கீதும்மா, லஸ் பக்கமா போலாமா?" என்றார் டிரைவர். எப்படியோ போங்கள் என்றேன்.

"பார்க்ல இருக்கறவாளுக்கெல்லாம் தெரியுமா?" என்று இவரைக் கேட்டேன்.

"தெரியும். அப்புறமா நான்தான் சொன்னேன்."

"பேஷ். நேக்கு மட்டும் தெரியாது."

"சொன்னா நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்..."

"போண்டா வாங்கிக் கொடுத்துட்டேனேன்னு பத்து மாசமா பட்டுண்டிருக்கேனே, அது கஷ்டமில்லையா?"

அடையாறு பாலம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவை நிறுத்தி இறங்கிவிடலாமா என்றிருந்தது.

"அப்பவே ஏன் எழுந்துக்கலே?"

"நீ அப்படிச் சிரிச்சுண்டிருந்தே. காஸா இருக்கும், சரியாயிடும்னு நெனச்சேன். ஆகலே. அப்புறம் படத்துல என்ன நடந்ததுன்னே நேக்குத் தெரியாது. உன்னையேதான் பாத்துண்டிருந்தேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "மறுபடி அந்த இருட்டுல போய் உக்காரப் பயமா இருக்குடி" என்றார்.

இதைப் பத்து மாதத்துக்கு முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். பயம் என்றால் பயம் என்று சொல்ல என்ன கேடு? அந்தப் படத்தை நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்திருக்கிறேன், இரண்டாம் பாதியில் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று. பக்கத்து சீட்டில் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"வலிச்சா அந்த நிமிஷமே சொல்லணும். இல்லேன்னா நானே உங்களைக் கொன்னுடுவேன்" என்றேன். தலையை ஆட்டினார். ஆட்டோவிலிருந்தபடியே வரும் சனிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டேன், வாசலுக்குப் பக்கத்து ஓர சீட்டுகளாகப் பார்த்து. இவர் வருவார். நான்தான் இந்தத் தடவை திரையைப் பார்ப்பேனா என்று தெரியவில்லை.